ஊசலைச் சும்மா விடுங்கள்

அந்தக் கடிகாரம் சனிக்கிழமைதோறும் நின்றது.

மயிலாப்பூரில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரின் வீட்டுக் கூடத்தில் அது தொங்குகிறது. ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம். ஒடுக்கமான மரப்பெட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி. உள்ளே வெள்ளை எனாமல் முகம், அதில் ரோமன் எண்கள். கீழே மரத்தண்டின் நுனியில் பித்தளை வட்டு ஆடிக்கொண்டிருக்கும். வட்டுக்கு முன்னால் கயிற்றில் ஒற்றைப் பித்தளைப் பாரம். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்துவிட்டு வந்து பெரியவர் சாவி கொடுப்பார். எட்டு நாள் ஓட வேண்டிய கடிகாரம். சனிக்கிழமை விடிந்து பார்த்தால் நின்றிருக்கும். பாரம் அடிமட்டத்துக்கு வந்திருக்காது. இன்னும் ஒரு சாண் இறங்க இடமிருக்கும்.

"தம்பி, இதுக்குச் சனி பிடிச்சிருக்கு" என்றார். பழுது பார்ப்பவர் இரண்டு முறை கழற்றித் துடைத்து எண்ணெய் போட்டுவிட்டுப் போயிருந்தார். சனி விடவில்லை.

ஒரு வாரம் மட்டும் சாவி கொடுக்கும் நாளைப் புதனுக்கு மாற்றிப் பார்க்கச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை நின்றது. பெரியவர் கொஞ்சம் கலங்கித்தான் போனார். சனி தோஷம் இப்போது செவ்வாய் தோஷமாகிவிட்டதே!

கிரகம் எதுவாக இருந்தாலும், சாவி கொடுத்த ஆறாம் நாள் நிற்கிறது என்பது மட்டும் தெளிவானது. இதற்கு விடை சொல்ல வேண்டுமானால், அந்தப் பெட்டிக்குள் என்ன நடக்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

இந்த வகைக்கு வியன்னா ரெகுலேட்டர் என்று பெயர். ரெகுலேட்டர் என்றால் மற்றக் கடிகாரங்களுக்கெல்லாம் மணி சரிபார்த்துக் கொடுக்கும் மூத்த கடிகாரம். வானாய்வு நிலையங்களிலும் கடிகாரக்காரர்களின் பட்டறைகளிலும் ஆளுயரத்துக்கு நின்ற இந்தச் சாதனத்தை, வீட்டுச் சுவரில் மாட்டும் மெலிந்த உருவத்துக்கு 1800-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கொண்டுவந்தவர்கள் வியன்னாவின் கைவினைஞர்கள். முதலில் வந்தது 'லாட்டெர்ன்டல்ஊர்', அதாவது லாந்தர்க் கடிகாரம். முகத்துக்கு ஒரு பெட்டி, ஊசல் தண்டுக்கு ஒடுங்கிய உடல், வட்டு ஆட அகலமான அடிப்பெட்டி என்று மூன்று பகுதி. அதற்குப் பின் வந்த 'டாஹ்ல்ஊர்' நேர்க்கோட்டு உடல் கொண்டது, தலையில் வீட்டுக் கூரைபோல ஒரு முக்கோணம். நெப்போலியன் போர்கள் முடிந்த 1815-க்கும் புரட்சி வெடித்த 1848-க்கும் இடைப்பட்ட அமைதிக் காலத்தில்தான் இவற்றின் பொற்காலம். மஹோகனி, செர்ரி மரத்தகடுகளை இழைத்து ஒட்டி, விளிம்பில் நூல்போன்ற கருங்கோடு பதித்து, வேறு அலங்காரமே இல்லாமல் விட்டுவிடுவார்கள். பிலிப் ஃபெர்ட்பாவர், காஸ்பர் பிராண்டல், இக்னாஸ் மாரென்செல்லர் போன்றோரின் வேலைகளைப் பார்த்தால், பிற்காலத்தில் குதிரையும் கழுகும் செதுக்கித் தலையில் ஏற்றிய கடிகாரங்கள் எல்லாம் எனக்குக் கல்யாண மேடை போலத்தான் தோன்றுகின்றன.

பெட்டியின் அழகு வெளியே. தொழிலின் உயரம் உள்ளே இருக்கிறது.

ஊசல் ஒரு விசித்திரமான வேலையாள். தனியே விட்டால் கிட்டத்தட்டத் துல்லியமாக நேரம் காட்டும். 1656-இல் ஹாலந்தின் கிறிஸ்தியான் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்தோடு இணைத்தபோது, அதுவரை நாளுக்குக் கால்மணி நேரம் பிசகிக்கொண்டிருந்த இயந்திரம் சில விநாடிப் பிழைக்குள் வந்தது. ஆனால் காற்றும் உராய்வும் தின்னும் ஆற்றலை ஈடுகட்டாவிட்டால் ஊசல் நின்றுவிடும். ஈடுகட்டுவதற்காகத் தள்ளினாலோ, அந்தத் தள்ளே அதன் தாளத்தைக் கெடுக்கும். தொட்டாலும் கெடும், தொடாவிட்டாலும் நிற்கும். கடிகாரக்காரரின் பாடு இந்த இடுக்கில்தான். எவ்வளவு குறைவாகத் தொட்டுக்கொண்டு எவ்வளவு காலம் ஓட்டலாம் என்பதே இருநூறு ஆண்டுகளாக அவர்கள் போட்டுப் பார்த்த கணக்கு.

தள்ளுவதற்கு எதை வைப்பது? சுருள் வில்லை வைக்கலாம். ஆனால் முறுக்கிய அன்றைக்கு அதற்கு இருக்கும் வேகம் வாரக் கடைசியில் இருக்காது. வேகம் மாறினால் ஊசலின் வீச்சும் மாறும். வீச்சு மாறினால் நேரம் மாறாது என்று பள்ளியில் படித்திருப்போம். அது சின்ன வீச்சுக்கு மட்டும், அதுவும் தோராயமாகத்தான். பக்கத்துக்கு 2 டிகிரி ஆடிய ஊசல் 3 டிகிரி ஆடத் தொடங்கினால் நாளுக்குச் சுமார் 8 விநாடி பின்தங்கும். பாரத்துக்கு இந்தத் தொல்லை இல்லை. பித்தளை உறைக்குள் ஈயம் அடைத்த அந்தக் குண்டை முதல் நாள் பூமி எவ்வளவு இழுக்கிறதோ, எட்டாம் நாளும் அவ்வளவே இழுக்கும். புவியீர்ப்பு சோர்ந்துபோவதில்லை.

அந்த இழுப்பு எவ்வளவு சிறியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரம் 2 கிலோ, எட்டு நாளில் இறங்குவது 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வெளிப்படும் ஆற்றல் 15 ஜூலுக்கும் சற்றுக் குறைவு. நம் கையிலுள்ள சாதாரண செல்போன் பேட்டரியில் ஒரு முழு சார்ஜுக்கு 54,000 ஜூல் அளவு ஆற்றல் இருக்கும். ஒரு சொட்டும் வீணாகாமல் அதைக் கொண்டு இந்தப் பாரத்தைத் திரும்பத் திரும்ப ஏற்ற முடிந்தால், கடிகாரம் 80 ஆண்டு ஓடும். நம் போன் மறுநாள் காலைக்குள் காலி.

இன்னும் உள்ளே போகலாம். இவ்வகைக் கடிகாரங்களில் பலவும் நிமிடத்துக்கு 80 முறை துடிப்பவை; ஊசலின் நீளம் ஏறக்குறைய 56 சென்டிமீட்டர். எட்டு நாளில் 9,21,600 துடிப்பு. பதினைந்து ஜூலை அத்தனை பங்காக வெட்டினால், ஒரு துடிப்புக்குக் கிடைப்பது ஒரு கொசுவை இடுப்புயரத்துக்குத் தூக்கும் அளவு. அதிலும் சக்கரங்களின் உராய்வு தன் பங்கை எடுத்துக்கொண்ட பிறகு மீதிதான் ஊசலுக்கு. கடிகாரத்தை ஓட்டுவது ஒரு கொசுவின் முயற்சி என்று தெரிந்த பிறகு, உள்ளிருக்கும் ஒவ்வொரு பொருளும் ஏன் அப்படி இருக்கிறது என்பது புரியத் தொடங்கும்.

சக்கரங்கள் தாள்போல மெலிந்திருக்கும். வார்த்த பித்தளையைச் சுத்தியலால் தட்டி இறுக்கி, ஆரங்களை எவ்வளவு ஒடுக்கமாக அறுக்கலாமோ அவ்வளவு அறுத்திருப்பார்கள். அச்சுகளின் முனைகள் ஊசிபோல. கடினப்படுத்திய எஃகில் கடைந்து, கண்ணாடிபோல மெருகேற்றியவை. முனை சுழலும் துளையைச் சுற்றிச் சின்னக் குழி ஒன்று இருக்கும். எண்ணெய் வழிந்து ஓடாமல் அங்கேயே தங்குவதற்கு. பழுது பார்க்க வருபவர்கள் அளவுக்கு மீறி எண்ணெய் விடுவதுதான் பழைய கடிகாரங்களுக்கு நேரும் பெரிய தீமை. அது தூசியோடு குழைந்து அரைக்கும் பசையாகிவிடும்.

கயிறு சுற்றும் உருளையில் 16 வரிப்பள்ளங்கள். பன்னிரண்டு மணிக்கு ஒரு சுற்று. ஆகவே எட்டு நாள். பாரம் நேரடியாகத் தொங்குவதில்லை. ஒரு கப்பியில் தொங்கும், கயிற்றின் மறுமுனை மேலே கட்டப்பட்டிருக்கும். கிணற்றுக் கப்பியல்ல இது, நகரும் கப்பி. கயிறு இரண்டடி அவிழ்ந்தால் பாரம் ஓரடி இறங்கும், ஆகவே குட்டைப் பெட்டிக்குள்ளேயே ஒரு வாரம் அடங்கிவிடுகிறது. சாவி கொடுக்கும்போது பாரத்தின் இழுப்பு சக்கரத்துக்குப் போகாதே, அந்த அரை நிமிடம் ஊசலை யார் பார்த்துக்கொள்வது? அதற்கென்று உருளைச் சக்கரத்துக்குள் ஒரு சின்ன வில் ஒளிந்திருக்கிறது. கடல் கடிகாரங்களால் புகழ்பெற்ற ஆங்கிலேயர் ஜான் ஹாரிசனின் யோசனை அது.

எல்லாவற்றிலும் நுட்பமான இடம் மேலே, ஊசலும் சக்கரமும் சந்திக்கும் இடம். பாரத்தின் இழுப்பு வந்து முடியும் கடைசிச் சக்கரத்துக்கு 30 பற்கள். அதன் தலைக்கு மேல் கப்பல் நங்கூரம்போல ஓர் எஃகுத்துண்டு, இரு கைகளோடு. ஊசல் ஆட ஆட நங்கூரமும் ஆடும். ஒரு கை பல்லை விட, மறு கை இன்னொரு பல்லைப் பிடிக்கும். பிடிக்கும் ஓசைதான் 'டிக்'. விடும் கணத்தில், பல் அந்தக் கையின் சரிந்த முகத்தில் வழுக்கிக்கொண்டு போய் ஊசலுக்கு நம் கொசுத் தள்ளைக் கொடுக்கும்.

பழைய நங்கூரத்தில் ஒரு குறை இருந்தது. பல்லைப் பிடித்த பிறகும் ஊசல் கொஞ்ச தூரம் மேலே போகுமல்லவா, அப்போது கை அந்தச் சக்கரத்தையே பின்னுக்குத் தள்ளும். ஆங்கிலேய நெடுங்கடிகாரங்களில் விநாடி முள்ளை உற்றுப் பார்த்தால், ஒவ்வொரு துடிப்புக்கும் அது சற்றே பின்வாங்குவது தெரியும். ஊசல் தன் ஆட்டம் முழுவதும் சக்கரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கிறது என்பதற்கு அது அடையாளம். லண்டன் கடிகாரக்காரர் ஜார்ஜ் கிரஹாம் 1715-ஐ ஒட்டி இதைச் சீராக்கினார். கை பல்லைத் தாங்கும் முகத்தை, நங்கூரத்தின் அச்சையே மையமாகக் கொண்ட வட்டத்தின் வில்லாக அவர் வெட்டினார். வட்டத்தின் மேல் உட்கார்ந்த பல்லுக்கு நங்கூரம் எவ்வளவு ஆடினாலும் ஒன்றுதான். முன்னும் போகாது, பின்னும் போகாது, அசையாமல் நிற்கும். 'டெட்பீட்' என்ற பெயர் அதனால் வந்தது. தள்ள வேண்டிய ஒரு கணம் தள்ளிவிட்டு, மீதி நேரமெல்லாம் ஊசலை அதன் போக்கில் விட்டுவிடும் ஏற்பாடு.

வியன்னாக்காரர்கள் இதை எடுத்துக்கொண்டு இன்னும் ஒரு படி போனார்கள். நங்கூரத்தின் கைகளைத் தனித்தனி எஃகு வில்லைகளாகச் செய்து திருகால் பொருத்தினார்கள். முன்னே பின்னே நகர்த்தி, தலைமுடி அளவு இடைவெளியைச் சரிசெய்யலாம். ஐம்பது ஆண்டில் ஒரு முகம் தேய்ந்தால் வில்லையைத் திருப்பிப் போட்டு மறு முகத்தைப் பயன்படுத்தலாம். தான் செய்யும் பொருளைத் தன் பேரன் காலத்தவர் கழற்றுவார்கள் என்று நினைத்து வேலை செய்தவர்களின் ஏற்பாடு.

ஊசல் தண்டை மரத்தில் செய்ததற்கும் காரணம் உண்டு. வெயிலில் உலோகம் நீளும். ஊசல் நீண்டால் கடிகாரம் மெதுவாகும். 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் எஃகுத் தண்டு நாளுக்கு 5 விநாடி பின்தங்கும், பித்தளை 8 விநாடி. இழை நேராக ஓடும் நல்ல மரமோ 2 விநாடிதான், ஈரம் ஏறாமல் மெருகெண்ணெய் பூசியிருக்கும் வரை. இதற்கு மாற்றாக, நீளும் எஃகையும் அதைவிட நீளும் பித்தளையையும் சன்னல் கம்பிகள்போல மாறி மாறி வைத்து, ஒன்றின் நீட்சியை மற்றொன்று கழிக்கும் ஊசலை ஹாரிசன் 1720-களில் செய்திருந்தார். அது கௌரவச் சின்னமாகிப்போனதால், பிற்காலத் தொழிற்சாலைகள் வெறும் அழகுக்காக அதே கம்பிகளை எந்த வேலையும் இல்லாமல் ஊசலில் ஒட்டி விற்றன.

பொய் என்றால் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. நிமிடத்துக்கு 80 துடிப்பு உள்ள கடிகாரத்தில் 30 பல் சக்கரம் ஒரு சுற்று வர 60 துடிப்பு, அதாவது 45 விநாடி. அதன் அச்சிலேயே விநாடி முள்ளை மாட்டி, 60 கோடு போட்ட சின்ன வட்டத்தில் சுற்றவிட்டிருப்பார்கள். அந்த முள் காட்டும் 'நிமிடம்' முக்கால் நிமிடம்தான். வாங்கியவர்கள் யாரும் உட்கார்ந்து எண்ணிப் பார்க்கவில்லை போலும். இப்படிப்பட்ட கடிகாரங்களைத் தொழிற்சாலையில் வைத்துப் பெருமளவில் செய்தவர்களில் முக்கியமானவர் குஸ்தாவ் பெக்கர். வியன்னாவில் தொழில் கற்றுக்கொண்டு, 1847-இல் சைலீசியாவின் ஃபிரைபுர்கில் (இன்றைய போலந்தின் ஷ்வியெபொஜிட்சே) பட்டறை போட்டவர். கைவினையின் மெலிவு அங்கே குறைந்தது; ஆனால் ரெகுலேட்டர் நடுத்தரக் குடும்பத்துச் சுவருக்கு வந்து சேர்ந்தது.

வியன்னாவில் இப்போது கடிகாரங்களுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்குள்ள சேகரிப்புகளில் ஒன்று மரீ ஃபொன் எப்னர்-எஷென்பாஹ் என்ற எழுத்தாளருடையது. பிரபு குலத்தில் பிறந்த அந்த அம்மையார் கடிகாரத் தொழிலை முறையாகக் கற்றவர். கடிகாரம் செய்யும் பெண்ணையே நாயகியாக்கி ஒரு கதையும் எழுதியிருக்கிறார்.

வியன்னாவில் சரியாக ஓடிய கடிகாரம் ஒன்றைச் சென்னைக்குக் கொண்டுவந்து மாட்டினால் என்ன ஆகும்? நாளுக்கு இரண்டு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகப் பின்தங்கும். கடிகாரம் கெட்டுவிடவில்லை, நில நடுக்கோட்டுக்கு அருகே புவியீர்ப்பு கொஞ்சம் குறைவு. 1672-இல் பாரிஸிலிருந்து தென்னமெரிக்காவின் கயேன் நகருக்குப் போன ழான் ரிஷேரின் கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியபோதுதான் இது முதலில் தெரியவந்தது. பூமி உருண்டையாக இல்லை, இடுப்பில் பருத்திருக்கிறது என்று நியூட்டன் வாதாட அந்தப் பிழை சான்றாக உதவியது. நம்மூரிலும் இந்தக் கணக்கு நடந்திருக்கிறது. மதராஸ் வானாய்வு நிலையத்தின் ஜான் கோல்டிங்ஹாம் 1821-இல் இங்கே ஊசலை ஆட்டி அளந்தார். விநாடிக்கு ஒரு முறை துடிக்கும் ஊசல் லண்டனில் 39.14 அங்குலம் இருக்க வேண்டும், மதராஸில் 39.03 அங்குலம் போதும். அந்த நிலையத்தில் நேரம் காத்த ஜான் ஷெல்டனின் கடிகாரமும் பாரத்தால் ஓடுவதுதான். 1769-இல் சூரியனை வெள்ளி கடந்துபோவதைப் பார்க்க கேப்டன் குக் பசிபிக் கடலுக்குக் கொண்டுபோனதும் ஷெல்டனின் கடிகாரமே. மதராஸ் கடிகாரம் பின்னர் மலையேறி, கொடைக்கானல் வானாய்வு நிலையத்தில் குடியேறியது.

மயிலாப்பூர்ப் பெரியவரின் கடிகாரம் எந்த ஊர் ஈர்ப்புக்கு அளந்து செய்யப்பட்டதோ, அது பற்றிக் கவலையில்லை. வட்டுக்குக் கீழே ஒரு மரை இருக்கிறது. 56 சென்டிமீட்டர் ஊசலை ஒன்றரை மில்லிமீட்டர் உயர்த்தினால் வியன்னா சென்னையாகிவிடும். ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் ஏறும் மரையென்றால் மூன்றே சுற்று.

அந்த ஆறாம் நாள்? பாரமும் கயிற்றில் தொங்கும் ஒரு குண்டுதானே, அதுவும் ஓர் ஊசல். அதன் கயிறு நாளுக்கு நாள் நீண்டுகொண்டே வருகிறது. ஐந்தாம் நாள் கழியும்போது அதன் நீளம் கடிகார ஊசலின் நீளத்தை எட்டுகிறது. இரண்டும் ஒரே தாளத்தில் ஆடக்கூடியவை ஆகிவிட்டன. ஊஞ்சலை அதன் தாளம் பார்த்துச் சுண்டுவிரலால் தள்ளினாலே மெல்ல மெல்ல வேகம் பிடிக்கும். இங்கே தள்ளும் விரல், பெட்டியின் அசைவு. ஊசல் ஒவ்வொரு முறை ஆடும்போதும் பெட்டியைக் கண்ணுக்குத் தெரியாத அளவு எதிர்ப்பக்கம் உதைக்கிறது. பெட்டி இறுக்கமாக இல்லாவிட்டால் அந்த அசைவு பாரத்துக்குப் போகும். இரண்டு கிலோக் குண்டு ஆடத் தொடங்கினால், அதற்கு ஆற்றல் கொடுப்பது யார்? கொசுக் கூலிக்கு வேலை செய்யும் அதே ஊசல். கொஞ்ச நேரத்தில் வீச்சு குறைந்து, நங்கூரம் பல்லை விடமுடியாமல் நின்றுவிடும். அப்புறம் பாரமும் ஆட்டம் அடங்கி ஒன்றும் அறியாததுபோலத் தொங்கும். அதனால்தான் காலையில் பார்ப்பவருக்கு எந்தத் தடயமும் கிடைப்பதில்லை.

ஹைகன்ஸுக்கே இந்த உறவு தெரிந்திருந்தது. 1665-இல் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது, ஒரே சட்டத்தில் தொங்கிய இரண்டு கடிகாரங்களின் ஊசல்கள், எப்படிக் கலைத்துவிட்டாலும் அரைமணிக்குள் எதிரெதிராக ஒத்திசைந்து ஆடத் தொடங்குவதைக் கவனித்தார். அவை பேசிக்கொண்டதும் தாங்கிய மரத்தின் வழியாகத்தான்.

பெரியவரின் கடிகாரத்தைத் தொட்டுப் பார்த்தேன். மேலே ஓர் ஆணி. அவ்வளவுதான், காலண்டர் மாட்டியதுபோல. பெட்டியின் அடியில், பின்பக்கத்து இரண்டு மூலையிலும் சுவரில் ஊன்றி நிற்பதற்காகவே கூர்முனைத் திருகுகள் இருக்கும். இதில் ஒன்று காணவில்லை, மற்றது சுவரைத் தொடவே இல்லை. தச்சரைக் கூப்பிட்டு, சுவரில் மரக்கட்டை பதித்து, புதுத் திருகு போட்டு, கொத்தனாரின் தூக்குக்குண்டு வைத்து நிமிர்த்தி நிறுத்தினோம். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். 'டிக்'குக்கும் 'டாக்'குக்கும் இடைவெளி ஒன்றாக இல்லை. நொண்டுகிறவர் நடப்பதுபோல ஒலித்தது. ஊசலைத் தள்ளும் கவட்டையின் அடியில் அதற்கென்றே ஒரு சின்னத் திருகு உண்டு. பெரியவரே திருகினார். காது அவருக்குத்தான் கூர்மை; நாற்பது வருடம் மிருதங்கம் வாசித்தவர்.

மூன்றாம் வாரம் போன் செய்தார். மழை பிடித்து ஊரே குளிர்ந்திருந்த நேரம்.

"தம்பி, சனிக்கிழமை தாண்டிடுச்சு. ஆனா ஒரு வாரத்துல ஏழு விநாடி முந்துது. அடியில இருக்கிற மரையைக் கொஞ்சம் இறக்கட்டுமா?"

"வேண்டாம் சார்" என்றேன். "வெயில் வரட்டும்."